லாசரோ கார்டெனாஸ்
மண்ணின் கீழ்க் கிடந்த செல்வத்தை மீட்டவர்

அரசனுக்குரிய பொருள்களுள் உறுபொருளும் ஒன்றெனத் திருவள்ளுவர் வகுத்தார். உரியவர் மாய்ந்தபின் மண்ணுள் நெடுநாள் மறைந்திருந்து வெளிப்படும் புதையலையும் உரையாசிரியராகிய பரிமேலழகர் அதனுள் அடக்கினார். மாந்தர் வைத்த புதையலுக்கே இவ்வாறு விதி வகுக்க வேண்டியிருந்தது. வைத்தவர் எவருமின்றி, இயற்கையே பல்லூழிக் காலமாக மண்ணின் அடியிற் சேர்த்து வைத்த செல்வம் யாருக்குரியது? மேல்நிலம் உடையவனுக்கா? அந்நாட்டை ஆளும் அரசுக்கா? அயலிலிருந்து மூலதனம் கொணர்ந்து தோண்டி எடுத்தவனுக்கா? இவ்வினா இருபதாம் நூற்றாண்டிலே பல நாடுகளைக் கலக்கியது. அதற்குத் தம் நாட்டின் சார்பில் துணிந்து விடை கூறியவரும், கூறிய விடைக்குரிய விலையைக் கொடுக்கப் பின்னிடாதவருமாகிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம். அவரே மெக்சிக்கோ நாட்டின் சனாதிபதியாயிருந்த லாசரோ கார்டெனாஸ் என்பவர்.

பிறப்பும் இளமையும்

மெக்சிக்கோவின் மேற்குப் பகுதியில் உள்ள மிச்சோவக்கான் மாநிலத்திலே ஹிக்கில்பான் என்னும் சிற்றூரில் 1895ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி கார்டெனாஸ் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு கடை வைத்து நடத்தியவர். பிள்ளைகள் பலர், வருவாய் குறைவு. தொடக்கப் பள்ளிக் கல்வியோடு கார்டெனாஸின் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஊரிலிருந்த வரி அலுவலகத்தில் எடுபிடி எழுத்தராகவும், அச்சுக்கூடம் ஒன்றிலே தொழில் பழகுபவராகவும் அவர் இளமையிலேயே உழைக்கத் தொடங்கினார். 1911இல் தந்தையார் இறந்தனர். தாயையும் இளையோரையும் தாங்கும் பொறுப்பு, பதினாறு வயதேயான அவர்மேல் வீழ்ந்தது.

அக்காலத்து மெக்சிக்கோவை மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேலாகத் தம் கைக்குள் வைத்திருந்தவர் போர்பீரியோ டீயாஸ் என்னும் தளபதி. இருப்புப் பாதைகளும் சுரங்கங்களும் பெருந்தோட்டங்களும் அவர் காலத்திற் பெருகின. அவற்றுக்கு வேண்டிய மூலதனம் அமெரிக்காவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வந்தது. நாடு வளர்ந்தது, ஆயின் அவ்வளர்ச்சியின் பயன் உழவனது குடிசையை எட்டவில்லை. ஊர்ப் பொதுநிலங்கள் பண்ணையார்களின் வேலிக்குள் அடங்கின. 1910இல் வெடித்த புரட்சி டீயாஸை நாட்டை விட்டு அகற்றியது. 1913இல் மக்கள் தெரிந்தெடுத்த சனாதிபதி மதேரோ கொலையுண்டு, உவேர்த்தா என்னும் படைத்தலைவன் ஆட்சியைக் கவர்ந்தபோது, பதினெட்டு வயதினராயிருந்த கார்டெனாஸ் புரட்சிப் படையிற் சேர்ந்தார். எழுதத் தெரிந்தவர் என்பதனால் முதலில் அவருக்குக் கிடைத்தது எழுத்து வேலையே. எனினும் ஏழாண்டுகளுக்குள், இருபத்தைந்தாம் வயதிலே, அவர் தளபதி என்னும் நிலைக்கு உயர்ந்தார்.

எண்ணெய் வந்த வரலாறு

கார்டெனாஸின் வாழ்வை விளங்கிக்கொள்ள வேண்டின், எண்ணெயின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். ஸ்பானியர் ஆண்ட காலத்திலே நிலத்தடிக் கனியங்கள் யாவும் முடியரசுக்குரியவை என்பது சட்டம். மேல்நிலத்தை ஒருவன் உடைமையாகப் பெறலாம். அடிநிலத்தை அரசின் இசைவு பெற்றுப் பயன்படுத்தலாமேயன்றி உடைமையாக்க இயலாது. நாடு விடுதலை பெற்றபின் அவ்வுரிமை மெக்சிக்கோ அரசுக்கு வந்தது. ஆனால் டீயாஸின் காலத்தில், 1884ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இப்பழைய முறையைப் புரட்டி, நிலத்தடி எண்ணெயை மேல்நிலத்துக்கு உரியவனுக்கே உரிமையாக்கியது. மண்ணின் அடியில் என்ன இருக்கின்றதென்று அறியாத உழவனிடமும் பண்ணையாரிடமும் நிலத்தை விலைக்கோ குத்தகைக்கோ பெற்றவன், அடியிற் கிடந்த கடலனைய எண்ணெய்க்கும் உரிமையாளன் ஆயினான்.

இவ்வாய்ப்பை முதலிற் பயன்படுத்தினவர் அமெரிக்கராகிய எட்வேட் டொகேனி. 1901இல் அவர் தோண்டிய கிணறுகளோடு மெக்சிக்கோவின் எண்ணெய்த் தொழில் தொடங்கிற்று. பின்னர் ஆங்கிலேயராகிய வீற்மன் பியர்சன், எல் ஆகிலா என்னும் கொம்பனியை நிறுவினார். வளைகுடாக் கரையின் சதுப்பு நிலங்கள் எண்ணெய்க் காடுகளாயின. 1908இல் டோஸ் போக்காஸ் என்னுமிடத்திலே பீறிட்ட கிணறு ஒன்று தீப்பற்றி ஏறத்தாழ இரண்டு மாத காலம் எரிந்தது. 1921இல் மெக்சிக்கோ ஏறத்தாழ 19 கோடியே 30 இலட்சம் பீப்பாய் எண்ணெயை எடுத்து, அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாமிடம் பெற்றது. அதன்பின் கிணறுகள் சிலவற்றில் உப்புநீர் புகுந்தது, கொம்பனிகளின் நாட்டமும் வெனிசுவேலாவை நோக்கித் திரும்பியது, உற்பத்தி வீழ்ந்தது.

இதற்கிடையே 1917இற் புரட்சியாளர் புதிய அரசியலமைப்பை வகுத்தனர். அதன் 27ஆம் உறுப்புரை, நிலத்தடிச் செல்வம் அனைத்தும் தேசத்துக்கே உரியதெனப் பழைய முறையை மீட்டது. 123ஆம் உறுப்புரை தொழிலாளர் உரிமைகளை வரையறுத்தது. கொம்பனிகளோ, தாங்கள் 1917க்கு முன்னர்ச் சட்டப்படி பெற்ற உரிமையைப் பின்வந்த சட்டம் பறித்தல் தகாதென வாதிட்டன. அவ்வாதம் முற்றிலும் வலுவற்றதென்று கூறிவிட இயலாது. ஓர் அரசு கொடுத்த உறுதியை நம்பி ஒருவன் தன் பொருளை இட்டபின், அடுத்த அரசு அதனை மறுத்தல் முறையோ? மறுபுறத்திலே, மக்களின் இசைவு பெறாத ஓர் ஆட்சி நாட்டின் பொதுச் செல்வத்தைத் தனியாருக்கு ஈந்துவிட்டால், அவ்வீகை வருங்காலத் தலைமுறைகளையும் என்றென்றும் கட்டுமோ? இருபது ஆண்டுகள் வரை இவ்வழக்குத் தீராது இழுபட்டது. அமெரிக்காவின் அழுத்தத்தினால் 1923இலும் 1928இலும் ஏற்பட்ட உடன்பாடுகளின்படி, பழைய உரிமைகள் பெரும்பாலும் கொம்பனிகளின் கையிலேயே நின்றன.

கண்டறிந்த காட்சி

1925ஆம் ஆண்டு தொடக்கம் 1928 வரை, எண்ணெய் வளம் மிக்க உவாஸ்தேக்காப் பகுதியிற் படைத்தலைவராகக் கார்டெனாஸ் பணிபுரிந்தார். ஆங்கு அவர் கண்டது, தம் நாட்டுக்குள்ளே வேறொரு நாடு. கொம்பனிகளுக்கெனத் தனிக் காவற்படைகள் இருந்தன. அயல்நாட்டு உத்தியோகத்தருக்கு வேலியிட்ட மனைகளும் நல்ல குடிநீரும் மருத்துவமும் இருந்தன. எண்ணெய் இறைத்த உள்நாட்டுத் தொழிலாளர் சேற்றோரக் குடிசைகளிற் காய்ச்சலோடு வாழ்ந்தனர். படைத்தலைவரைத் தம் வயப்படுத்தக் கருதிய கொம்பனியார் விலையுயர்ந்த மோட்டார் வண்டி ஒன்றை அவருக்குப் பரிசாக அனுப்பினர் என்றும், அவர் அதனை ஏற்க மறுத்துத் தமது பழைய வண்டியிலேயே திரிந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அரசியலமைப்பின் உறுப்புரைகளை வகுத்தோருள் ஒருவரான பிரான்சிஸ்கோ மூகிக்கா அக்காலத்தில் அவருக்கு உற்ற நண்பரானார். பத்தாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தவற்றின் வித்து அச்சேற்று நிலத்திலே விழுந்தது.

1928 முதல் 1932 வரை கார்டெனாஸ் தம் சொந்த மாநிலத்தின் ஆளுநராயிருந்து பள்ளிகளைத் திறந்தார். உழவருக்கு நிலம் பகிர்ந்தார். அந்நாளில் மெக்சிக்கோவின் மெய்யான தலைவராய் விளங்கியவர் புளூட்டார்க்கோ கால்யெஸ். சனாதிபதிகள் வருவர், போவர். அவர்களை ஆட்டிய கயிறு கால்யெஸின் கையில் இருந்தது. தமக்குப் பணிந்து நடப்பார் என்னும் எண்ணத்துடனேயே அவர் கார்டெனாஸை 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் நிறுத்தினார்.

வெற்றி உறுதியெனத் தெரிந்திருந்தும், கார்டெனாஸ் நாடெங்கும் பல்லாயிரம் கிலோமீற்றர் தூரம் பயணஞ் செய்தார். இருப்புப் பாதை செல்லாத ஊர்களுக்குக் குதிரையிற் சென்றார். உழவர் கூறிய குறைகளைப் பொறுமையுடன் கேட்டிருந்தார்; தாம் பேசியது சிறிது. 1934 டிசம்பர் முதலாந் திகதி பதவியேற்றபின், மாளிகையாகிய சப்புல்தெப்பெக் கோட்டையில் வாழ விரும்பாது எளியதொரு மனையிற் குடியிருந்தார். சூதாட்டக் கழகங்களை மூடுவித்தார். நாள்தோறும் ஒரு மணிநேரம் குடிமக்கள் தம் முறையீடுகளைக் கட்டணமின்றித் தந்தி மூலம் அவருக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார்.

கால்யெஸ் தம்மை அடக்க முற்பட்டபோது, 1936 ஏப்பிரலில் அவரை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார். சப்பாட்டா, கரான்சா, வில்லா, ஒப்ரெகோன் எனப் புரட்சியின் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கொலையுண்ட நாடு அது. ஆங்கு ஒரு பெரும் பகைவர் உயிருடன் நாடு நீங்கினார் என்பதே ஒரு புதுமை.

நிலப் பகிர்வு

கார்டெனாஸின் ஆறாண்டு ஆட்சியிலே ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஹெக்டேயர் நிலம் ஏறத்தாழ 8 இலட்சம் உழவருக்குப் பகிரப்பட்டது. அவருக்கு முன்னிருந்தோர் எல்லாருஞ் சேர்ந்து பகிர்ந்ததிலும் இது மிகுதி. இந்நிலங்கள் எகீதோ என்னும் ஊர்ப் பொதுவுடைமை முறையில் வழங்கப்பட்டன. உழவன் பயிரிடலாம், தன் மக்களுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. பணமுடையோர் மீண்டும் நிலத்தை விழுங்காமல் இருத்தற்கே இக்கட்டுப்பாடு. 1936 ஒக்தோபரில் லா லகூனா என்னும் பருத்தி வளநாட்டிலே பெரும் பண்ணைகள் பிரிக்கப்பட்டு முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உழவர் நிலம் பெற்றனர். அயல்நாட்டாருடைய பண்ணைகளும் அவற்றுள் அடங்கும்.

அமெரிக்கக் குடிகள் நிலம் இழந்தமையால் 1938இல் வாசிங்டனுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே கடித வழக்கு எழுந்தது. சர்வதேசச் சட்டம் கற்போர் இன்றும் ஆராயும் வழக்கு அது. அமெரிக்க அரசச் செயலாளர் கோடெல் ஹல், அயலானின் சொத்தை எடுக்கும் அரசு போதிய நட்டஈட்டை, தாமதமின்றி, பயன்படத்தக்க நாணயத்திற் கொடுத்தல் வேண்டுமென்றார். அவ்வாறு கொடுக்க இயலாத அரசுக்கு எடுக்கும் உரிமையே இல்லை என்பது அதன் உட்கிடை. மெக்சிக்கோவோ, நட்டஈடு கொடுக்குங் கடமையைத் தன் சட்டமே ஏற்பதெனினும், நாட்டார் அயலார் என்னும் வேறுபாடின்றி மக்கள் நலங்கருதிப் பொதுவாகச் செய்யப்படும் நிலச் சீர்திருத்தத்துக்கு உடனடிப் பணம் கேட்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லையென மறுமொழி கூறியது. செல்வர் மட்டுமே சீர்திருத்தம் செய்யலாம் என்றொரு விதி உலகில் இருத்தல் தகுமோ என்பதே அம்மறுமொழியின் சாரம். ஈற்றில் 1938 நவம்பரில், ஆண்டுதோறும் தவணை முறையிற் கொடுப்பதென இணக்கம் ஏற்பட்டது.

எண்ணெய்ப் போராட்டம்

1935இல் எண்ணெய்த் தொழிலாளர் சிதறியிருந்த தம் சங்கங்களை ஒன்றாக்கினர். அடுத்த ஆண்டில் எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவான ஒப்பந்தம் ஒன்றைக் கோரினர். உடன்பாடு ஏற்படாமையால் 1937 மே மாத இறுதியில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. நாட்டின் போக்குவரத்து முடங்கியது. கொம்பனிகளின் கொடுக்கும் ஆற்றலை ஆராய வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் ஹெசூஸ் சில்வா ஹேர்சோக் அதன் உயிராய் விளங்கினார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கை சில வாரங்களுள் ஆயத்தமாயிற்று. கொம்பனிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பெசோ மேலதிகமாகக் கொடுக்க வல்லன என்பது அதன் முடிபு. தொழில் நடுவர் மன்றம் அதனை டிசம்பரில் தீர்ப்பாக்கியது. கொம்பனிகள் நாட்டின் உயர் நீதிமன்றத்தை நாடின. 1938 மார்ச் முதலாந் திகதி உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது.

கொம்பனிகள் தீர்ப்புக்கு அமைய மறுத்தன. கூலி பற்றித் தொடங்கிய வழக்கு அக்கணமே வேறு உருக்கொண்டது. ஒரு நாட்டின் எல்லைக்குள் தொழில் செய்யும் ஒருவன், அந்நாட்டின் மேலான நீதிமன்றம் கூறிய தீர்ப்பை ஏற்கவியலாதெனச் சொல்வானாயின், அந்நாட்டுக்கு ஆட்சியென ஒன்று உண்டோ? பேச்சுவார்த்தையின்போது கொம்பனியார் ஒருவர், அரசு தரும் வாக்குறுதிக்கு யார் பிணை என வினவினர் என்றும், சனாதிபதியாகிய தாமே பிணையெனக் கார்டெனாஸ் கூற, அச்சொல் போதாதென்னும் குறிப்பு எழுந்ததாகவும், உடனே அவர் கூட்டத்தை முடித்து எழுந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது.

மார்ச் 9ஆம் திகதி மாலை, குவேர்னவாக்காச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, மூகிக்காவுடன் நெடுநேரம் நடந்தவாறே பேசியதைக் கார்டெனாஸ் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். ஐரோப்பாவிலே போர் மேகம் திரண்டு வருவதால் வல்லரசுகள் படை கொண்டு தலையிடா என்பது அவர் கணிப்பு. மக்களுக்கு விடுக்கும் அறிக்கையை எழுதுமாறு நண்பரைப் பணித்தார். மார்ச் 18ஆம் திகதி இரவு வானொலி வாயிலாக, வழக்கிற் சம்பந்தப்பட்ட கொம்பனிகளின் சொத்துக்கள் யாவும் தேசத்துக்காக எடுக்கப்பட்டன என்பதை நாட்டுக்கு அறிவித்தார். இறுதி வேளையிற் கொம்பனிகள் கூலித் தொகையைக் கொடுக்க உடன்பட்டன, காலம் கடந்துவிட்டது. வழக்கிற் சேராத அமெரிக்கக் கொம்பனியொன்றின் சொத்துத் தொடப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அயலான் என்பதற்காக எவனுடைய பொருளும் எடுக்கப்படவில்லை. 1936ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாண்டுகளுள் நட்டஈடு கொடுக்கப்படும் என்னும் உறுதியும் அவ்வறிவித்தலோடு சேர்ந்தே வந்தது.

மக்கள் கொடுத்த காணிக்கை

அதன்பின் நிகழ்ந்தவை மெக்சிக்கோ மக்களின் நினைவில் இன்றும் நிலைத்துள்ளன. கத்தோலிக்க சமயத்தவருக்கும் புரட்சி அரசுக்கும் இடையே பன்னெடுங் காலமாய்ப் பகை நிலவிய நாட்டிலே, இம்முறை குருமாரும் அரசுக்குத் துணை நின்றனர். ஏப்பிரல் மாதத்திலே தலைநகரின் நுண்கலை மாளிகைக்குப் பெண்கள் திரண்டு வந்தனர். சனாதிபதியின் துணைவியார் அமாலியா சொலோர்சானோ அவர்களை வரவேற்றார். செல்வப் பெண்கள் நகைகளை வைத்தனர். ஏழைப் பெண்கள் கோழியையும் தானியத்தையும் கொணர்ந்தனர். மணமோதிரத்தைக் கழற்றி வைத்தவர்களும் உளர். திரண்ட பொருள் நட்டஈட்டின் ஒரு சிறு கூறுக்கும் போதாது. ஆயினும், எடுத்த பொருளுக்கு விலை கொடுத்தே தீர்வோம் என்னும் எண்ணம் அரசின் ஏட்டை விட்டுக் குடிசைவரை சென்றது என்பதற்கு அக்கோழிகளே சான்று.

துன்பங்கள் விரைந்து வந்தன. கொம்பனிகள் தம் எண்ணெய்க் கப்பல்களை அகற்றின, பொறிவல்லுநரை அழைத்துக்கொண்டன, உதிரிப் பாகங்களும் பெற்றோலிற் சேர்க்கும் ஈயக் கலவையும் கிடைக்காமற் செய்தன. மெக்சிக்கோவின் எண்ணெயைத் திருட்டுப் பொருளெனக் கூறி வாங்குவோரைத் தடுத்தன. ஒரு டொலருக்கு 3.60 பெசோ என்றிருந்த நாணய மதிப்பு ஐந்து பெசோ அளவுக்குச் சரிந்தது. உணவுப் பொருள் விலை ஏறியது. மே மாதத்தில் செடில்யோ என்னும் தளபதி கலகஞ் செய்தான். அக்கலகம் விரைவில் அடங்கியது. பிரித்தானியா கடுஞ்சொற் கடிதங்களை அனுப்பியதோடு, பழைய கடனொன்றின் நிலுவையாக ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம் பெசோவையும் கேட்டது. கார்டெனாஸின் அரசு அத்தொகையைக் கொடுத்துவிட்டு, இலண்டனிலிருந்த தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. இரு நாடுகளின் உறவு 1941 வரை முறிந்து கிடந்தது.

இவ்விடத்திலே ஒரு கசப்பான முரணையும் மறைத்தல் தகாது. அதே மார்ச் மாதத்தில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது உலக நாடுகளின் சங்கத்தில் அதனைக் கண்டித்த நாடு மெக்சிக்கோ. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அகதிகளான ஏறத்தாழ 20,000 பேருக்கும், அவர்களுக்கு முன்னர் வந்த ஏறத்தாழ 450 சிறாருக்கும், ஸ்டாலினால் துரத்தப்பட்ட ட்ரொட்ஸ்கிக்கும் புகலிடம் கொடுத்தவர் கார்டெனாஸ். அத்தகையவர், வாங்குவார் வேறின்மையால் ஜேர்மனிக்கும் இத்தாலிக்கும் எண்ணெய் விற்க நேர்ந்தது. குடியரசு நாடுகள் கதவை அடைத்தமையால் நேர்ந்த தீவினை அது. தம் எண்ணெயைக் குடியரசு நாடுகளுக்கே விற்க விரும்புவதாக அவர் முன்னரே அறிவித்திருந்தமையும் ஈண்டு நினைக்கற்பாலது.

அமெரிக்கா படை அனுப்பவில்லை. சனாதிபதி றூஸ்வெல்ற் நல்ல அயலார் என்னும் கொள்கையைப் பேணினார். அவருடைய தூதராய் மெக்சிக்கோவில் இருந்த ஜோசீபஸ் டானியல்ஸ், 1914இல் கடற்படைச் செயலாளராயிருந்து வேராக்குரூஸ் துறைமுகத்தைக் கைப்பற்றக் கட்டளையிட்டவர்களுள் ஒருவர். அவரே இப்போது இரு நாடுகளுக்கும் இடையே பகை மூளாது காத்தார். பழம்பிழைக்கு ஒருவர் தம் வாழ்நாளிலேயே ஈடு செய்யக் கிடைத்த அரிய வாய்ப்பென அதனைக் கருதலாம்.

கடன் தீர்த்தல்

கொம்பனிகள் கேட்ட நட்டஈட்டில், இன்னும் மண்ணுக்கடியிற் கிடந்த எண்ணெயின் விலையும் சேர்ந்திருந்தது. அதனைக் கொடுப்பின், அடிநிலம் கொம்பனிகளுக்கே உரியதென ஒப்புக்கொள்வதாய் முடியும். ஆதலால் நட்டஈடு எவ்வளவு என்னும் வினாவுக்குள்ளேயே உரிமை யாருடையது என்னும் வினா ஒளிந்திருந்தது. நிலத்தின்மேல் நின்ற பொறிகளுக்கும் குழாய்களுக்கும் முதலீடுகளுக்கும் விலை தருவோம். தேசத்தின் எண்ணெய்க்குத் தேசமே விலை கொடாது என்பது மெக்சிக்கோவின் நிலை. சிங்கிளயர் என்னும் கொம்பனி 1940இல் தனியே 85 இலட்சம் டொலருக்கு இணங்கியது. 1941 நவம்பரில் இரு அரசுகளும் ஒவ்வொரு வல்லுநரை நியமித்தன. 1942 ஏப்பிரலில் அவ்விருவரும் ஏனைய அமெரிக்கக் கொம்பனிகளுக்கு ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் டொலர் உரியதென முடிவு செய்தனர். கொம்பனிகள் கேட்டது இதனிலும் பன்மடங்கு. பிரித்தானிய ஒல்லாந்தப் பங்குடைய எல் ஆகிலாவுக்கு 8 கோடியே 12 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையும் வட்டியும் கொடுப்பதென 1947இல் இணக்கம் ஏற்பட்டது. அதன் கடைசித் தவணை 1962இற் செலுத்தப்பட்டது. எடுத்தவர் ஒருவர், கொடுத்துத் தீர்த்தோர் அவருக்குப் பின்வந்த அரசினர். கால் நூற்றாண்டு வரை பல ஆட்சிகள் மாறியும் அவ்வாக்கு மாறவில்லை.

பதவி நீங்கியபின்

கார்டெனாஸின் பணிகள் யாவும் பழுதின்றி நிறைவேறின எனக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1938 யூன் மாதத்தில் நிறுவப்பட்ட பெமெக்ஸ் என்னும் அரச எண்ணெய் நிறுவனத்திலே, தொழிற்சங்கத் தலைவர்களின் பிடி நாளடைவில் இறுகியது. தொழிலாளரின் நண்பராகிய கார்டெனாஸே 1940இல், நிறுவனம் நிலைக்க வேண்டின் செலவைக் குறைத்தல் வேண்டுமென அவர்களுடன் வழக்காட நேர்ந்தது. எகீதோ உழவனுக்கு நிலத்தை அடகு வைக்கும் உரிமை இல்லாமையால் அரச வங்கியே அவனுக்குக் கடன் தரும் ஒரே வாயிலாயிற்று. வங்கி அலுவலர் நிலப்பிரபுவின் இடத்தைப் பிடித்த ஊர்களும் உண்டு. அவர் சீரமைத்த கட்சியே பின்னர்ப் பெயர் மாறி, 2000ஆம் ஆண்டு வரை நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்தது. 1940இல் தமக்குப் பின்வருபவராக நண்பர் மூகிக்காவை விடுத்து, மிதவாதியான ஆவிலா கமாச்சோவை அவர் ஆதரித்தமை பலருக்கு வருத்தமளித்தது. பெற்றதைக் காப்பதற்கு நாடு சற்று மூச்சுவிட வேண்டுமென அவர் எண்ணினார் போலும்.

பதவி நீங்கியபின் அவர் கால்யெஸைப் போலக் கயிறு பிடித்து ஆட்ட முற்படவில்லை. போர்க்காலத்திற் பாதுகாப்புச் செயலாளராகப் பணியாற்றினார். பின்னர்த் தெப்பால்காத்தெப்பெக், பால்சாஸ் ஆற்றுப் படுகைகளில் நீர்ப்பாசனமும் மின்சாரமும் பெருகப் பல்லாண்டு உழைத்தார். 1954இல் குவாத்தமாலாவின் சனாதிபதி ஆர்பென்ஸ், அமெரிக்கப் பழக் கொம்பனி ஒன்றின் தரிசு நிலத்தை எடுத்த சிறிது காலத்தில் வீழ்த்தப்பட்டபோது அவருக்காகக் குரல் கொடுத்தார். 1970 ஒக்தோபர் 19ஆம் திகதி கார்டெனாஸ் மறைந்தார். அவர் நாடு கடத்திய கால்யெஸும் 1945இல் அதே ஒக்தோபர் 19ஆம் திகதியிலேயே இறந்தவர். தலைநகரின் புரட்சி நினைவு மண்டபத்தில் இருவரும் இன்று அடக்கமாகியுள்ளனர்.

வினாவும் விடையும்

1962 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இயற்கை வளங்களின்மீது மக்களுக்கும் தேசங்களுக்கும் நிலையான இறைமை உண்டெனத் தீர்மானித்தது. எடுக்கும் அரசு தக்க நட்டஈடு கொடுத்தல் வேண்டுமென்றும் அதே தீர்மானம் விதித்தது. கார்டெனாஸ் நின்ற இரு கால்களும் அவையே. அதே காலத்திலே எமது நாட்டையும் இவ்வழக்குத் தொட்டது. இலங்கை அரசு பெற்றோலிய விநியோகத்தைத் தன் கூட்டுத்தாபனத்தின் வயப்படுத்தி அயல்நாட்டுக் கொம்பனிகளின் சொத்துக்களை எடுத்தபோது, நட்டஈடு தாமதமாயிற்றெனக் கூறி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965இல் நட்டஈட்டு உடன்பாடு ஏற்பட்டது. ஹல் எழுதிய கடிதத்தின் நிழல் கால் நூற்றாண்டு கடந்து கொழும்பு வரை நீண்டதை மாணாக்கர் கருத்திற் கொள்வாராக.

மெக்சிக்கோவிலும் வினா ஓயவில்லை. 1992இல் எகீதோ நிலத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் வழிதிறக்கப்பட்டது. 2013இல் எண்ணெய்த் தொழிலுக்குள் தனியார் மூலதனம் மீண்டும் வர அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. அத்திருத்தத்துக்கும் கார்டெனாஸின் பெயரே துணைக்கு அழைக்கப்பட்டது. அவர்தம் மைந்தர் குவோத்தேமொக் அதனை எதிர்த்து நின்றார். 2024இல் மீண்டும் திருத்தம் எழுந்து அரசின் கை வலுப்பெற்றது. மூலதனம் இல்லாத நாட்டுக்கு அயலாரின் முதல் வேண்டும். அயலார் முதலிடுவதற்கு வாக்கு மாறாத சட்டம் வேண்டும். சட்டம் நிலைப்பதற்கு அது தமக்கும் நீதி செய்யும் என்னும் நம்பிக்கை குடிமக்களுக்கு வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் மற்றிரண்டும் நில்லா என்பதை மெக்சிக்கோவின் நூறாண்டு வரலாறு காட்டும்.

கடை வைத்திருந்த ஓர் ஏழையின் மகன், தொடக்கப் பள்ளிக்கு அப்பால் கல்லாதவர், தம் நாட்டின் தீர்ப்பைத் தம் நாட்டினுள்ளே செல்லுபடியாக்கினார். எடுத்ததற்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கவும் வழி வகுத்தார். ஆண்டுதோறும் மார்ச் 18ஆம் திகதியை மெக்சிக்கோ மக்கள் எண்ணெய் மீட்பு நாளாக நினைவுகூருகின்றனர். அந்நாளில் அவர்கள் வானொலியிற் கேட்ட அறிவித்தலோடு, நுண்கலை மாளிகையின் வாயிலிலே கோழியுடன் நின்ற ஏழைப் பெண்ணையும் சேர்த்தே நினைக்கின்றனர். அந்நினைவு தகுதியுடையதே.